ரஞ்சித் சிங் போனபின் பத்தே வருடம்: லாகூர் அரசு சரிந்தது எப்படி?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம் நண்பர்களே. நம் பள்ளிப் பாடத்தில் பஞ்சாப் இணைப்புக்கு ஒரே ஒரு பத்திதான் இருக்கும். ரஞ்சித் சிங் 1839-இல் இறந்தார், குழப்பம் வந்தது, இரண்டு போர் நடந்தது, 1849-இல் டல்ஹௌசி இணைத்துக்கொண்டார். முடிந்தது. அந்தப் பத்து வருடத்தில் என்ன நடந்தது என்று படிக்கப் படிக்க எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

துணைக்கண்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அடங்காமல் கடைசியாக நின்ற பெரிய அரசு அது. கைபர் கணவாய் வாசலில் இருந்து சட்லஜ் ஆறு வரை, மேலே காஷ்மீர், லடாக், கீழே முல்தான். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை, சொந்தமாக வார்த்த பீரங்கிகள். இப்படி ஒரு அரசு பத்து வருடத்தில் இல்லாமல் போகிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இரண்டு. ஒன்று, துரோகம். இன்னொன்று, வெள்ளையரின் போர்த்திறன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என் கருத்து வேறு: லாகூர் தர்பார் கம்பெனிக்குப் பயந்ததைவிடத் தன் சொந்தப் படைக்கு அதிகமாகப் பயந்தது. அந்தப் பயம்தான் 1845 டிசம்பரில் படையைச் சட்லஜைத் தாண்ட வைத்தது. எதிரியை வெல்ல அல்ல, தன் படையைத் தொலைக்க.

இதை ஏற்காதவர்கள் தாராளமாக மறுக்கலாம். அதற்காகத்தான் இழை.

நாணயப்பித்தன்:

நல்ல இழை. சரிவைப் பேசும் முன் எழுச்சியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

என்னிடம் ஒரு நானக்ஷாகி ரூபாய் இருக்கிறது, அமிர்தசரஸ் அச்சு. 11 கிராம் சொச்சம் வெள்ளி. எழுத்து முழுக்கப் பாரசீகம், ஒரு பக்கத்தில் சின்னதாக ஓர் இலை. அதில் குரு நானக் பெயர் இருக்கிறது, குரு கோவிந்த் சிங் பெயர் இருக்கிறது. ரஞ்சித் சிங் பெயர் எங்கும் இல்லை. அச்சடிக்க வைத்தவரே தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அரசுக்கு 'சர்க்கார் கால்சா', அதாவது சீக்கியச் சமூகத்தின் அரசு, என்றுதான் பெயர். அவர் காலத்து மற்ற ராஜாக்களோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இந்த வழக்கம் அவரோடு தொடங்கவில்லை. 1710-இல் சிர்ஹிந்தைப் பிடித்த பந்தா சிங் பகதூரே குருக்களின் பெயரில்தான் நாணயம் வெளியிட்டார். 1716-இல் அவரை டெல்லியில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதற்கப்புறம் சீக்கியர்களுக்குத் தலைமறைவுக் காலம். காட்டிலும் மலையிலும் குதிரை மேல் வாழ்ந்தவர்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சேர்ந்து, பிறகு 12 மிஸ்ல்களாக, அதாவது தனித்தனித் தலைவர்களின் கீழ் இருந்த படைக்கூட்டங்களாக, நின்றார்கள். ஒரு பக்கம் முகலாய சுபேதார் (ஆளுநர்), இன்னொரு பக்கம் வருடாவருடம் இறங்கிவரும் ஆப்கான் அரசர் அகமது ஷா அப்தாலி. 1762 பிப்ரவரியில் ஒரே நாளில் பல்லாயிரம் சீக்கியர்களை அப்தாலியின் படை வெட்டிக் குவித்தது. அப்படி அடிபட்டவர்கள் மூன்றே வருடத்தில், 1765-இல், லாகூரைப் பிடித்தார்கள் என்றால் அந்த மக்களின் நெஞ்சுரத்தை என்ன சொல்ல!

மிஸ்ல்கள் ஊர்களுக்குக் காவல் கொடுத்து விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டன. 'ராக்கி' என்று பெயர். பெரிய விஷயம் என்றால் எல்லோரும் அமிர்தசரஸில் சீக்கியர்களின் உயர்பீடமான அகால் தக்த் முன்னால் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அங்கே எடுத்த முடிவு 'குர்மதா'. அதற்கு எல்லா சர்தார்களும் கட்டுப்பட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிழக்குக்கடல்:

ரஞ்சித் சிங் லாகூரைப் பிடித்தது 1799 ஜூலை. அந்த மே மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு விழுந்தார். இது வெறும் தற்செயல் இல்லை. ஆப்கானிஸ்தான் அரசர் ஜமான் ஷாவை இந்தியாவுக்குள் இறங்கச் சொல்லித் திப்பு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். ஜமான் ஷாவும் லாகூர் வரை வந்துவிட்டார். கம்பெனி பாரசீகத்துக்கு ஆள் அனுப்பி, ஷாவின் முதுகுப்பக்கம் நெருக்கடி கொடுக்க வைத்தது. அவர் அவசரமாகத் திரும்பினார். லாகூரில் வெற்றிடம். அதற்குள் 18 வயது ரஞ்சித் சிங் நுழைந்தார். தெற்கே திப்புவைத் தனிமைப்படுத்தக் கம்பெனி போட்ட கணக்கு, வடக்கே அதற்கே பின்னாளில் தலைவலியான ஓர் அரசுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

அப்புறம் ஒன்று. லாகூர் வாசலை உள்ளே இருந்து திறந்தவர்கள் ஊர்க்காரர்களே. ஊரை மூன்றாகப் பிரித்து ஆண்ட சர்தார்களின் தொல்லை தாங்காமல் முஸ்லிம், இந்து, சீக்கியப் பெரியவர்கள் சேர்ந்து அழைத்தார்கள். கூடவே படையோடு நின்றவர் அவருடைய மாமியார் சதா கௌர், கன்னையா மிஸ்லின் தலைவி. அந்த அம்மா இல்லையென்றால் ரஞ்சித் சிங் இல்லை என்றே சொல்வேன். பின்னாளில் அவரையே மருமகன் சிறைவைத்தது வேறு கதை.

தென்றல்76:

ஒரு கேள்வி. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ரஞ்சித் சிங் ஆட்சியை 'மதச்சார்பற்ற பொற்காலம்' என்று ஒரு தரப்பும், 'சீக்கியர் கொடுமை' என்று இன்னொரு தரப்பும் எழுதுகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

வைகைக்கரையான்:

இரண்டையும் சொல்லுங்கள் டீச்சர்.

அவருடைய வெளியுறவு முழுக்க பக்கீர் அஜீசுத்தீன் என்ற முஸ்லிம் அறிஞர் கையில். நிதி திவான் தீனா நாத் கையில். தலைமை அமைச்சர் ஜம்மு டோக்ரா குடும்பத்துத் தியான் சிங். நெப்போலியன் படையில் இருந்த அல்லார்ட், வென்ச்சுரா 1822-இல் வந்து காலாள், குதிரைப் படைகளைப் பழக்கினார்கள். பீரங்கிப் படையில் முஸ்லிம் தளபதிகள் அதிகம். தர்பார் மொழி பாரசீகம். மக்கள்தொகையில் சீக்கியர் சிறுபான்மை என்பதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. லாகூர் பாதுஷாகி மசூதியின் முற்றம் குதிரை லாயமாகவும் வெடிமருந்துக் கிடங்காகவும் இருந்தது. காஷ்மீரில் சால்வை நெசவாளர் மேல் விழுந்த வரி மிகக் கடுமை. 1830-களின் தொடக்கத்தில் அங்கே கொடும் பஞ்சம். பெஷாவரில் இத்தாலியரான அவிதபிலே ஆண்டபோது தூக்குமரம் ஓய்ந்ததே இல்லை என்பார்கள். பஞ்சாப் சமவெளியில் உழவன் பார்த்த ரஞ்சித் சிங்கும், காஷ்மீரில் தறிக்காரன் பார்த்த ரஞ்சித் சிங்கும் ஒரே ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு இது புரியும்.

கிழக்குக்கடல்:

சரி, இப்போது வைகைக்கரையான் அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். எனக்குப் பாதி உடன்பாடு, பாதி மறுப்பு. பயம் எங்கிருந்து வந்தது? அதன் வேரே ரஞ்சித் சிங்தான்.

நாணயப்பித்தன் ஐயா சொன்ன குர்மதா கூட்டம் கடைசியாகக் கூடியது 1805-இல். மராத்தியத் தலைவர் ஹோல்கர், கம்பெனிப் படை துரத்த, பஞ்சாபுக்குள் அடைக்கலம் தேடி வந்திருந்த நேரம். அதற்குப் பிறகு ரஞ்சித் சிங் அந்தக் கூட்டத்தைக் கூட்டவே இல்லை. மிஸ்ல்களை ஒவ்வொன்றாக விழுங்கினார். முடிவெடுக்கும் இடம் என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: அவர் வாய்.

1809 அமிர்தசரஸ் ஒப்பந்தத்தில் சட்லஜுக்குத் தெற்கே இருந்த பாட்டியாலா, நாபா, ஜிந்த் எல்லாம் கம்பெனிப் பாதுகாப்புக்குள் போய்விட்டன. அதாவது சீக்கியர்களில் ஒரு பெரும்பகுதி அன்றைக்கே எதிர்ப்பக்கம். அவர் அதைச் சகித்துக்கொண்டு மேற்கே திரும்பினார். 1818-இல் முல்தான், 1819-இல் காஷ்மீர், 1834-இல் பெஷாவர். கம்பெனித் தூதர் மெட்காஃபோடு கையெழுத்திட்ட அந்த உடன்படிக்கையை முப்பது வருடம் மீறவில்லை. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தனக்குப் பிறகு யார், எப்படி என்று எந்த ஏற்பாடும் செய்யவில்லை. மூத்த மகன் கரக் சிங்கை வாரிசு என்று அறிவித்தார், அவ்வளவுதான். நாற்பது வருடம் ஆண்டவர் செய்யத் தவறிய வேலை அது. இதில் நான் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

வைகைக்கரையான்:

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. அதற்கு மேலே ஒரு படி போகிறேன். 1805-இல் அவர் மூடிய அந்தக் கூட்டம் 1841-இல் திரும்ப வந்தது, கோயில் வாசலில் அல்ல, படை முகாமில்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 1839 ஜூன் 27, ரஞ்சித் சிங் மரணம். 1840 நவம்பர் 5, கரக் சிங் மரணம். அன்றைக்கே தகப்பனைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் வளைவு இடிந்து விழுந்து மகன் நவ் நிஹால் சிங் சாகிறார். அது விபத்தா சதியா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. கரக் சிங்கின் மனைவி சந்த் கௌர் ஆட்சி கோருகிறார். ரஞ்சித் சிங்கின் இன்னொரு மகன் ஷேர் சிங் 1841 ஜனவரியில் லாகூர் கோட்டையை முற்றுகையிட்டுப் பட்டத்தைப் பிடிக்கிறார். எப்படிப் பிடித்தார்? படைவீரர்களுக்குச் சம்பள உயர்வு தருவதாக வாக்குக் கொடுத்து.

திருப்பம் இங்கேதான். ராஜாவை உட்கார வைப்பதும் இறக்குவதும் தன் கையில் என்று படைக்குத் தெரிந்துபோனது. ஒவ்வொரு பட்டாளமும் தன் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பஞ்சாயத்து வைத்தது. கணக்கில் கைவைத்த அதிகாரிகளைத் தாங்களே தண்டித்தார்கள், சிலரைக் கொன்றார்கள். கால்சாவின் பெயரால் கடிதம் போனது. கம்பெனி சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். லாகூர் சிப்பாய்க்கு 1840-களின் நடுவில் 12-க்கு மேல். 1839-இல் இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு காலாட்படை. கஜானா தாங்குமா?

1843 செப்டம்பரில் ஷேர் சிங், அவருடைய சிறு மகன், தியான் சிங் மூவரும் ஒரே நாளில் கொலை. ரஞ்சித் சிங்கின் கடைசி மகன், ஐந்து வயது துலீப் சிங்குக்குப் பட்டம். தியான் சிங்கின் மகன் ஹீரா சிங் வசீர், அதாவது தலைமை அமைச்சர். 1844 டிசம்பரில் அவரும் கொலை. அடுத்து துலீப் சிங்கின் தாய் ராணி ஜிந்த் கௌரின் அண்ணன் ஜவாஹர் சிங். ரஞ்சித் சிங்கின் இன்னொரு மகனான பெஷௌரா சிங்கைக் கொல்ல வைத்தார் என்று படை அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. 1845 செப்டம்பர் 21. குழந்தை மகாராஜாவை மடியில் வைத்துக்கொண்டு யானை மேல் வந்தார். கூடவே தங்கக் காசும் நகையும் கொண்டு வந்திருந்தார், கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று. வீரர்கள் குழந்தையை அவர் கையில் இருந்து வாங்கி இறக்கினார்கள். அப்புறம் துப்பாக்கி முனைக் கத்தியால் அவரைக் குத்தினார்கள். தங்கை கண் முன்னால். துலீப் சிங்குக்கு அப்போது ஏழு வயது.

அதற்குப் பிறகு மூன்றே மாதத்தில் போர். வசீர் லால் சிங், தளபதி தேஜ் சிங் இருவரும் அடுத்த யானை தங்களுக்குத்தான் என்று அறிந்திருந்தார்கள்.

பீரங்கிப்பாதை:

அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் கம்பெனி சும்மா இருந்தது, லாகூர் தானாகப் போய் விழுந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1843-இல் சிந்துவை விழுங்கியாகிவிட்டது. எல்லைப் படையை 17,000 சொச்சத்தில் இருந்து 40,000 வரை ஏற்றினார்கள். படகுப்பாலத்துக்கான படகுகள் பெரோஸ்பூருக்கு வந்து சேர்ந்தன. எல்லை ஏஜெண்டாக வந்த பிராட்ஃபுட் மெட்ராஸ் படைக்காரர். சட்லஜுக்குத் தெற்கே லாகூருக்கு இருந்த ஊர்களும் கம்பெனிப் பாதுகாப்பில்தான் என்று அறிவித்தார். சண்டைக்கு வா என்று கூப்பிடுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி போர். 1845 டிசம்பர் 11-இல் சீக்கியப் படை ஆற்றைத் தாண்டியது. பெரோஸ்பூரில் ஆங்கிலேயத் தளபதி லிட்லரிடம் இருந்தது சுமார் 7,000 பேர். தேஜ் சிங் தாக்கவில்லை. லால் சிங் அங்கே இருந்த கேப்டன் நிக்கல்சனோடு ரகசியத் தொடர்பில் இருந்தார். 18-இல் முத்கியில் சண்டை. 21, 22-இல் பெரோஸ்ஷாவில்.

பெரோஸ்ஷா இரவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உறையும் குளிர். ஆங்கிலேயப் படை சீக்கியரின் பாதி முகாமைப் பிடித்து, இருட்டில் வழி தெரியாமல், தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. பக்கத்திலேயே சீக்கியப் பீரங்கிகள் இரவெல்லாம் சுடுகின்றன. கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் தன்னிடம் இருந்த நெப்போலியனின் வாளைப் பத்திரமாக வெளியே அனுப்பிவிட்டார். மறுநாள் முகாம் முழுவதும் ஆங்கிலேயர் கையில் விழுந்தது, ஆனால் குண்டு தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் தேஜ் சிங் புதுப் படையோடு அடிவானத்தில் தெரிகிறார். கொஞ்ச நேரம் சுட்டார். திரும்பிப் போய்விட்டார்.

ஆங்கிலேயத் தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர் 2,400 பேர். பிராட்ஃபுட்டும் அங்கேதான் செத்தார்.

1846 பிப்ரவரி 10, சோப்ராவ். முதுகுக்குப் பின்னால் சட்லஜ், அதன்மேல் ஒரே ஒரு படகுப்பாலம். தேஜ் சிங் நேரத்தோடு பாலத்தைத் தாண்டிப் போனார், அப்புறம் பாலம் உடைந்தது. அவர்தான் உடைத்தார் என்று அன்றே பேசினார்கள். வெள்ளுடை உடுத்தி, திரும்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்த கிழவர் ஷாம் சிங் அட்டாரிவாலா களத்திலேயே விழுந்தார். ஆற்றில் மூழ்கியும் குண்டு பட்டும் செத்தவர்கள் பல ஆயிரம். 67 பீரங்கிகள் போயின. சரணடைந்தவர் என்று பெயர் சொல்ல ஆளில்லை.

தென்றல்76:

படிக்கவே நெஞ்சு கனக்கிறது. அந்த ராணி? அவரும் படையை அழிக்கத்தான் அனுப்பினாரா? பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வைகைக்கரையான்:

அண்ணனைக் கண்ணெதிரே கொன்ற படை மேல் அவருக்குக் கோபம் இல்லாமல் இருக்காது. ஆனால் ஆங்கிலேய அதிகாரிகள் ஜிந்த் கௌர் பற்றி எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரை மோசமாகக் காட்ட அவர்களுக்குத் தேவை இருந்தது. நடந்ததை வைத்துப் பாருங்கள். தேஜ் சிங்குக்குச் சியால்கோட் ராஜா பட்டம் கிடைத்தது. ஜிந்த் கௌருக்குக் கிடைத்தது மகனைப் பிரிந்து ஷேக்குபுரா, பிறகு காசி, பிறகு சுனார் கோட்டைச் சிறை. காசியில் நகைகளையும் பறித்துக்கொண்டார்கள். 1849-இல் சுனாரில் இருந்து வேலைக்காரி வேடத்தில் தப்பி நேபாளம் போனார். கம்பெனிக்கு வேண்டியவரை இப்படியா நடத்துவார்கள்?

மகனை மறுபடி பார்த்தது 1861-இல், கல்கத்தாவில் ஒரு ஹோட்டலில். அதற்குள் கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது.

வழக்குமேசை:

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது சட்டப்பக்கம். வக்கீல் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1846 மார்ச் 9 லாகூர் உடன்படிக்கை. ஜலந்தர் தோவாப் (பியாஸ், சட்லஜ் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம்) போனது. ஒன்றரைக் கோடி ரூபாய் அபராதம். கஜானாவில் அரைக் கோடிதான் தேறியது. மீதி ஒரு கோடிக்குக் காஷ்மீரும் மலைநாடுகளும். ஒரே வாரத்தில், மார்ச் 16-இல், அந்தக் காஷ்மீரை ஜம்முவின் குலாப் சிங்குக்கு 75 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். மேலாதிக்கத்துக்கு அடையாளமாக அவர் வருடாவருடம் ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று ஜோடி காஷ்மீர் சால்வை கட்ட வேண்டும். ஆடு ஆறு கிடா, ஆறு பெட்டை என்றுகூட எழுதியிருக்கிறது. அங்கே வாழ்ந்த மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வரைந்தவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

அதே வருட டிசம்பரில் பைரோவால் உடன்படிக்கை. துலீப் சிங்குக்குப் 16 வயது ஆகும்வரை, அதாவது 1854 செப்டம்பர் வரை, நிர்வாகம் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் (லாகூரில் தங்கிய கம்பெனிப் பிரதிநிதி) கையில். அதற்கு வருடம் 22 லட்சம் ரூபாய் லாகூர் கட்ட வேண்டும். சட்டப்படிப் பார்த்தால் மைனரின் காப்பாளர் கம்பெனி.

1848-இல் முல்தானில் திவான் மூல்ராஜின் ஆட்கள் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளைக் கொன்றார்கள். கலகத்தை உடனே அடக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? நிர்வாகம் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு. வெயில் காலம், பெரிய படை அனுப்ப முடியாது என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். தீ பரவியது. சத்தர் சிங், அவர் மகன் ஷேர் சிங் (முன்பு சொன்ன மகாராஜா அல்ல) ஆகிய அட்டாரிவாலாக்கள் கலகத்தில் இறங்கினார்கள். கடைசியில் 1849 மார்ச் 29 அன்று லாகூர் கோட்டையில் பத்து வயதுப் பையனிடம் கையெழுத்து வாங்கி அவன் நாட்டையும் கோஹினூரையும் எடுத்துக்கொண்டார்கள். காப்பாளர் பொறுப்பில் இருந்தபோது வந்த கலகத்துக்கு மைனரின் சொத்து பறிமுதல். எந்த நீதிமன்றத்தில் இது நிற்கும்? மைனருக்காக இருந்த லாகூர் சர்தார்களின் ஆட்சிக்குழுவில் பெரும்பாலோர் கலகத்தில் சேரவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டல்ஹௌசி இதே கைவரிசையைத் தஞ்சாவூரிலும் 1855-இல் காட்டினார், வேறு காரணம் சொல்லி.

பீரங்கிப்பாதை:

இரண்டாம் போரையும் சேர்த்துவிடுகிறேன். 1849 ஜனவரி 13, சிலியான்வாலா. முட்புதர்க் காடு, மாலை நேரம், எதிரே என்ன இருக்கிறது என்று சரியாகப் பார்க்காமல் ஆங்கிலேயத் தலைமைத் தளபதி கஃப் தாக்கச் சொன்னார். 24-ஆம் ரெஜிமெண்டில் மட்டும் 500 பேருக்கு மேல் இழப்பு. மொத்தம் 2,300-க்கு மேல். நான்கு பீரங்கிகளைச் சீக்கியர்கள் கொண்டுபோனார்கள். லண்டனில் செய்தி போய்ச் சேர்ந்ததும் கஃபை மாற்ற நேப்பியரை அனுப்பினார்கள். அவர் வந்து சேரும் முன் குஜராத் ஊரில், பிப்ரவரி 21-இல், ஏறக்குறைய நூறு பீரங்கிகளை வரிசையாக நிறுத்திச் சுட்டு முடித்துவிட்டார் கஃப். இது பஞ்சாபில் உள்ள குஜராத், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த முறை துரோகி என்று யாரும் இல்லை. அதனால்தான் வைகைக்கரையான் சார் வாதத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். 1846-இல் பீரங்கிகள் போயின, படை அளவு 20,000 காலாள், 12,000 குதிரை என்று வெட்டப்பட்டது. மிச்சம் இருந்ததை வைத்து அவ்வளவு சண்டை போட்டதே பெரிது.

மார்ச் 14-இல் ராவல்பிண்டியில் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். வாளைக் குவியலில் போட்டவனுக்கு வழிச்செலவுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய்.

தெமாசெக்வாசி:

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். ராவல்பிண்டியில் எல்லோரும் ஆயுதத்தைப் போட்டுவிடவில்லை. பாய் மகாராஜ் சிங் என்ற துறவி சரணடைய மறுத்து வெளியேறினார். ஊர் ஊராக ஆள் சேர்த்தார். 1849 டிசம்பர் கடைசியில் ஜலந்தர் பக்கம் பிடித்தார்கள். அங்கேயே விசாரித்தால் மக்கள் கொந்தளிப்பார்கள் என்று கப்பலேற்றி 1850-இல் இங்கே கொண்டுவந்தார்கள், கூட ஒரு சீடர். ஊட்ரம் சிறையில் தனி அறை. கண் மங்கிப்போய் 1856 ஜூலையில் இறந்தார்.

சிங்கப்பூருக்கு வந்த முதல் சீக்கியர்கள் அந்த இருவர்தான் என்று இங்கே சொல்வார்கள். காவல் வேலைக்காகச் சீக்கியர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்தது 1881-இல். அவர் நினைவாகப் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு கல் இருந்தது. எல்லா மதத்தாரும் பூ வைத்துக் கும்பிடுவார்கள். 1966-இல் அதைச் சிலாட் ரோடு குருத்வாராவுக்கு மாற்றினார்கள். அந்தப் பக்கம் போகும் தமிழர்கள் பலருக்கு அது யாருடைய நினைவிடம் என்றே தெரியாது. சிங்கப்பூர் நண்பர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். வாசலில் தலையை மூடிக்கொள்ளத் துணி கொடுப்பார்கள், சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள்.

மழைத்துளி:

எல்லாம் சரி. ஆனால் 1857-இல் சீக்கியர்கள் வெள்ளையர் பக்கம்தானே நின்றார்கள்?

கிழக்குக்கடல்:

இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று தெரியும். எட்டு, பதினோரு வருடத்துக்கு முன்னால் சிலியான்வாலாவிலும் சோப்ராவிலும் சீக்கியர்களைச் சுட்ட கம்பெனிப் படையில் பெரும்பாலோர் யார்? வங்காளப் படையின் அவத், பீகார் சிப்பாய்கள். அதே சிப்பாய்கள் 1857-இல் டெல்லி போய் முகலாயப் பாதுஷா பெயரில் கொடி ஏற்றுகிறார்கள். பந்தா சிங்கைக் கொன்ற டெல்லி. பஞ்சாபில் இருந்த ஒரு விவசாயி மகன் அதை விடுதலைப் போராகப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்று உட்கார்ந்துகொண்டு நாம் சொல்லக் கூடாது. அவனிடம் ஆயுதமும் இல்லை, 1849-லேயே பிடுங்கியாகிவிட்டது. தலைவர்கள் சிறையிலோ நாடுகடத்தலிலோ. பாட்டியாலா போன்ற அரசுகள் 1809-இல் இருந்தே கம்பெனி நிழலில். வேலை இல்லாமல் நின்ற பழைய வீரனுக்குக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. போனான்.

மழைத்துளி:

நன்றி அண்ணா, இப்படி யாரும் சொன்னதில்லை. கடைசியாக ஒன்று. பெரோஸ்ஷாவில் டிசம்பர் 22 அன்று தேஜ் சிங் தாக்கியிருந்தால் எல்லாம் மாறியிருக்குமா?

வைகைக்கரையான்:

எல்லாம் மாறியிருக்காது. கம்பெனி மறுபடி வந்திருக்கும். மீரட்டில் இருந்து கூடுதல் படை கிளம்பியாகிவிட்டது. லாகூர் கஜானா அப்படியேதான் இருந்திருக்கும். ஜெயித்த பஞ்சாயத்துக்கும் தர்பாருக்கும் நடுவில் சண்டை இன்னும் முற்றியிருக்கும். குலாப் சிங் ஜம்முவில் உட்கார்ந்துகொண்டு யார் பக்கம் சாயலாம் என்று பார்த்திருப்பார், உண்மையில் செய்ததைப்போலவே. படையையும் தர்பாரையும் ஒன்றாகக் கட்டி இழுக்க ஒரு ஆள் வேண்டும். 1837-இல் ஜம்ரூதில் செத்த தளபதி ஹரி சிங் நல்வா போன்ற ஒருவர் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதுவேன்.

ஆனால் ஒன்று நிச்சயம். 1846 மார்ச்சில் ஒன்றரைக் கோடி அபராதம் இருந்திருக்காது. அபராதம் இல்லையென்றால் காஷ்மீரை எழுதி வாங்கி 75 லட்சத்துக்குக் கைமாற்றும் வேலையும் அந்த வருடம் நடந்திருக்காது. அதற்குப் பிறகு நூறு வருடம் அந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட டோக்ரா வம்சம், 1947-இல் அவர்கள் எடுத்த முடிவு, அதன்மேல் இன்றுவரை ஓடும் ரத்தம், இவை எல்லாம் வேறு பாதையில் போயிருக்கும். எந்தப் பாதை என்று என்னால் சொல்ல முடியாது. தேஜ் சிங் அன்று காலை குதிரையைத் திருப்பியபோது தன் உயிரைப் பற்றித்தான் யோசித்திருப்பார் என்று மட்டும் நம்புகிறேன்.